முக்கால் மணித்தியாலம்

சனிக்கிழமை காலையில் அந்த மனிதர் கடைக்குள் வந்தாலே எனக்குத் தலைவலி தொடங்கிவிடும். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பார். விமான டிக்கெட் விற்கிற கடையில் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா? "அண்ணே, அப்படியே உள்ள வாங்க" என்று நான் சத்தம் போட வேண்டும். வந்து, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த நான்கு கடிகாரங்களையும் பார்ப்பார். தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "சிட்னி ரெண்டு நிமிசம் பிந்துது" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அதற்குப் பிறகு அதே கேள்வி.

"தங்கச்சி, சூரிச்சிலயிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்ணே. போன வாரம் சொன்னதுதான். ஒரு வாரத்துல ஊர் ரெண்டும் நகர்ந்தா போயிடும்?"

"எத்தினை கிலோமீற்றர்?"

"எழுநூத்தி எண்பது."

"யாழ்ப்பாணத்திலயிருந்து கொழும்புக்குப் போட்டுத் திரும்பி வாற தூரம்" என்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அது அப்போதுதான் தோன்றியது மாதிரி சொல்வார்.

2012ஆம் ஆண்டு. சிட்னியில், மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனை ஒட்டிய தெருவில், இலங்கையிலிருந்து வந்த ஒரு ஹாஜியாரின் கடையில் நான் வேலைக்கு இருந்தேன். மக்காவுக்கு உம்ரா போகிறவர்களுக்கும், கொழும்பு, சென்னை போகிறவர்களுக்கும் டிக்கெட். பக்கத்திலேயே ஃபோன் கார்டு. நான் திருச்சிக்காரி. கணவரின் படிப்புக்காக வந்த இடத்தில் கிடைத்த வேலை அது. எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று அம்மா சொல்வாள். கொஞ்சம் இல்லை என்று கணவர் சொல்வார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பெயரை என் விரல்கள் இன்றைக்கும் தூக்கத்தில் டைப் அடிக்கும். அவர் மகனுக்குக் குடும்பப் பெயர் அதுதான், அந்தப் பெயரில் பதினெட்டுத் தடவை புக்கிங் போட்டவள் நான்.

வயது ஐம்பதுக்குள் இருக்கும். இரவெல்லாம் ஒரு பாண் ஃபாக்டரியில் வேலை; பாண் என்றால் அவர்களுக்கு பிரெட். நேராக அங்கிருந்து வருவார். எவ்வளவு கழுவினாலும் காது மடலின் ஓரத்தில் மாவு ஒட்டியிருக்கும். கையில் ஒரு பையில் நாலு பணிஸ், நம்ம ஊர் பன், இருக்கும். அதை மேசையில் வைத்து, "சூடாயிருக்கேக்கை சாப்பிடுங்கோ" என்பார். அது எப்போதோ ஆறிப்போயிருக்கும்.

வேலை என்னவென்றால் இதுதான். சூரிச்சிலிருந்து லண்டனுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி விமானத்தில், மகன் பெயரில் ஓர் இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். டிக்கெட் எடுக்க மாட்டார். டிக்கெட் எடுக்காமல் இடத்தை மட்டும் பிடித்து வைத்தால் இரண்டு நாளில் அது தானாகக் கழன்று போகும். அது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். விசா விண்ணப்பத்துக்கு, ஆபீசில் லீவு கேட்க என்று ஆட்கள் ஒரு தடவை கேட்பார்கள். இவர் வாராவாரம் கேட்டார். பிடித்து வைத்த விவரத்தை நான் அச்செடுத்துக் கொடுப்பேன். அதே காகிதத்தை ஸ்கேன் பண்ணி லண்டனிலிருந்த அவர் மனைவியின் மச்சாளுக்கு ஈமெயிலும் அனுப்புவேன். மச்சாள் அதை அச்செடுத்து ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பாராம். மனைவிக்கு வயிற்றில் கட்டி, இனி வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் எனக்கு அந்தப் பையன் மீது அவ்வளவு ஆத்திரம். இருபது வயது. பெற்ற தாய் சாகக் கிடக்கிறாள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய் நிற்கக்கூடிய தடிப்பயல், வாராவாரம் அப்பாவை இடம் பிடிக்க வைத்துவிட்டு, வாராவாரம் ஏறாமல் இருக்கிறான்! நானாக இருந்தால் பிளேன் பிடித்துப் போய் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

அவருக்கு எல்லாமே நேரம்தான். வவுனியா பஸ் நிலையத்தில் ரைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனைக்கு வெளிக்கிட்டது, எத்தனைக்கு வந்தது என்று கொப்பியில் எழுதுகிற உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. கடைக்குள் யார் நுழைந்தாலும் "எத்தினைக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்பார். பிளாக்டவுனிலிருந்து வந்த ஒரு அன்ரி, முன்பின் தெரியாத ஆள் இப்படிக் கேட்கிறாரே என்று பயந்து அடுத்த கதிரைக்கு மாறி உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகத் தப்புக் கணக்குப் போட்டார். காகிதத்தில், சூரிச் புறப்பாடு 9.00, லண்டன் வருகை 9.45 என்று இருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டி, "முக்கால் மணித்தியாலம்தானே" என்பார்.

"அண்ணே, லண்டன் மணி ஒரு மணி நேரம் பின்னால. அவன் ஒன்பதுக்குக் கிளம்பும்போது லண்டன்ல எட்டு. புரியுதா?"

"ஓம், ஓம்."

"அப்ப ஒண்ணே முக்கால்தானே?"

"கடுதாசியில முக்கால் எண்டுதானே கிடக்கு."

"ரைம்கீப்பர் பேசுற பேச்சாண்ணே இது!"

சிரிப்பார். கோபம் வராது அவருக்கு. "வெளிக்கிடுறதுதான் கஷ்டம், தங்கச்சி. வெளிக்கிட்டால் முக்கால் மணித்தியாலம்" என்று சொல்லிக் காகிதத்தை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் சிட்னி சென்ட்ரலுக்கு ரயிலில் போனோம். அதே பெட்டியில் ஜன்னலோரம் அவர். கொப்பியும் பேனாவுமாக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நேரம் குறித்துக்கொண்டு வந்தார். சென்ட்ரலில் இறங்கினோம். அவர் படி ஏறி வெளியே போகவில்லை, எதிர்ப்பக்க மேடைக்குப் போய்த் திரும்பிப் போகிற ரயிலுக்கு நின்றார்.

"எங்கண்ணே போறீங்க?"

"ஒரு இடமும் இல்லை. முக்கால் மணித்தியாலம் எவ்வளவு எண்டு பாக்க வந்தனான்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, "கனக்க இல்லை. தாங்கலாம்" என்றார்.

என் கணவர், "இந்த ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த "தாங்கலாம்" என்ற வார்த்தையை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

ஏப்ரல் கடைசியில் விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பெயர், ஒரே விமானம், வாராவாரம் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறீர்கள், இனியும் நடந்தால் அபராதம் என்று. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"என்ன புள்ள இது? அந்த மனிசன்ட மகன் போறானா, இல்லையா? ஒண்டு டிக்கட்ட எடுக்கச் சொல்லு, இல்லாட்டி இனி வராதீங்கண்டு சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வருதில்ல."

எனக்கு வாய் வரும். ஆனால் அவரிடம் சொல்வானேன், அந்தப் பயலிடமே கேட்கிறேன் என்று திங்கட்கிழமை சாயங்காலம் ஃபோனை எடுத்தேன். புக்கிங்கில் அவன் நம்பர் இருந்தது. சூரிச்சில் அப்போது காலை ஒன்பது.

நான் யார் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். உனக்கெல்லாம் வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவன் முழுவதையும் கேட்டான்.

"அக்கா," என்றான் கடைசியில், "எனக்கு இன்னும் அகதிக் கேஸ் முடியேல்லை. நான் இந்த நாட்டை விட்டு வெளியில போகேலாது. பாஸ்போட்டே இல்லை."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. வயித்தில கட்டி எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு, அம்மா ஃபோனில அழுதவ. எனக்குப் பெர்மிட் கிடைச்சிட்டுது, வாறன் எண்டு சொல்லிப்போட்டன். சும்மா வாயில வந்தது. பிறகு மாத்த ஏலாமல் போச்சு. அப்பாதான் கடுதாசி அனுப்பத் தொடங்கினவர்."

பதினைந்து வயதில் அவனைத்தான் முதலில் அனுப்பினார்களாம். இரண்டு வருடம் கழித்து அம்மா லண்டனுக்கு. கடைசியில் அப்பா, படகில். மூன்று பேருக்கும் மூன்று நாட்டில் மூன்று ஃபைல், மூன்றும் நகரவில்லை. அப்பாவிடம் இருந்தது பிரிட்ஜிங் விசா. வேலை செய்யலாம், ஆனால் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அம்மாவாலோ கட்டிலை விட்டே எழுந்திருக்க முடியாது.

ஃபோனை வைத்துவிட்டு டாய்லெட்டுக்குள் போய் அழுதேன். என் வாயை நான் அன்றைக்குத் திட்டியதுபோல என்றைக்கும் திட்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் பணிஸ் பையோடு வந்தார். மகன் சொல்லியிருப்பான். கடிகாரங்களைப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

"இனிமே இடம் பிடிக்க முடியாதுண்ணே. கடிதம் வந்திருக்கு" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக, "நானே அடிச்சுத் தர்றேன். அசல் மாதிரியே இருக்கும்" என்றேன். ஹாஜியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

பழைய காகிதத்தைப் பார்த்து அதே மாதிரி டைப் செய்தேன். பெயர், விமானம், நேரம். கீழே வழக்கமாக வரும் வரியையும் அடித்தேன்: மொத்தப் பயண நேரம் 1 மணி 45 நிமிடம்.

"அந்த வரியை எடுத்து விடுங்கோ, தங்கச்சி."

"எப்பவும் இருக்குமேண்ணே."

"மச்சாள் அதை வெட்டிப்போட்டுத்தான் ஒட்டுறவ."

ஏன் என்று கேட்டேன். அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தால் அவள் விடியவே எழும்பி மச்சாளிடம் தலை சீவி இழுக்கச் சொல்வாளாம். வார்டில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது ஒன்பது அடித்ததும் பிள்ளை வெளிக்கிட்டிட்டான் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒன்பதே முக்கால் ஆனதும் அவர் இங்கேயிருந்து ஃபோன் எடுப்பார். இன்றைக்கு மூடுபனி, பிளேன் எழும்பவில்லை என்பார்.

"அவளுக்கு நோவு பொல்லாதது. முக்கால் மணித்தியாலம் காத்திருப்பாள். அதைத் தாங்குவாள். ஒண்டே முக்காலெண்டால் தாங்க மாட்டாள்."

ரைம்கீப்பருக்குக் கணக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நான்தான் மாதக்கணக்கில் அவருக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை அழித்தேன். அதன் பிறகு நானும் கூட்டுக் களவாணி. சனிக்கிழமைகளில் காகிதம் அடித்தோம், கூடவே அடுத்த வெள்ளிக்கிழமைக்கான காரணத்தையும் யோசித்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் நான் கெட்டிக்காரி ஆனேன்.

"மூடுபனி?"

"அது போன கிழமை சொல்லியாச்சு."

"பனி கொட்டுதுன்னு சொல்லுங்க."

"மே மாதம். அவள் நம்ப மாட்டாள்."

"ரயில் லேட்டு, ஏர்போர்ட்டுக்குப் போறதுக்குள்ள பிளேன் போயிடுச்சு."

அவர் நெடுநேரம் யோசித்தார். "என்ர பிள்ளை பிந்துறவன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றார். அன்றைக்குக் காய்ச்சல் என்று முடிவு செய்தோம்.

இது சரியா தவறா என்று என் கணவர் இரவுச் சாப்பாட்டில் கேட்டார். தவறுதான். ஒருத்தியை வாராவாரம் தலை சீவ வைத்து ஏமாற்றுவது தவறு இல்லாமல் என்ன? ஆனால் அந்தக் காகிதத்தை நிறுத்தினால் அவளுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்காது. உனக்குப் புரியாது, சாப்பிடு என்றேன்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். செவ்வாய்க்கிழமை! கையில் பணிஸ் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒரு ரிக்கற் எடுக்கோணும், தங்கச்சி."

"உட்காருங்கண்ணே."

"லண்டனிலயிருந்து சூரிச்சுக்கு."

அவர் திசையை மாற்றிச் சொன்னது எனக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் போய்விட்டாளாம். வியாழக்கிழமை எரிக்கிறார்கள். கொள்ளி வைக்கப் பிள்ளையும் இல்லை, பக்கத்தில் நிற்கப் புருஷனும் இல்லை. மச்சாளின் மகன் வைக்கிறான். சாம்பலை மச்சாள் சூரிச்சுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுத்தால், அவன் அங்கே தண்ணீரில் கரைப்பான். மச்சாளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சாம்பலுக்கு விசா கேப்பினமோ?"

"இல்லண்ணே. எரிச்ச சர்டிஃபிகேட் மட்டும் கூட இருக்கணும். கையிலயே கொண்டு போகலாம்."

"ஃபைல் ஒண்டும் திறக்க மாட்டினமே?"

"இல்லண்ணே."

"அப்ப சரி" என்றார். அடுத்த நொடியே தலையைக் குனிந்து மேசையில் முட்டிக்கொண்டு அழுதார். உயிரோடு இருந்தவளுக்குக் கிடைக்காத வழி சாம்பலுக்கு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது பாருங்கள்! எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. யாரை உலுக்குவது?

அந்த ஒரு டிக்கெட்டைத்தான் அவர் என்னிடம் வாங்கினார். வருகிற திங்கட்கிழமை லண்டனிலிருந்து காலை 7.10, சூரிச்சில் 9.55. காகிதத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். காகிதக் கணக்கில் அது இரண்டே முக்கால் மணி நேரம். நான் ஒன்றும் விளக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வந்தார். வீட்டில் அவரோடு இருக்கும் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்களாம், தனியாக இருக்க முடியவில்லையாம். நாலு பத்துக்குக் கொப்பியைத் திறந்து எழுதினார். "வெளிக்கிட்டிட்டாள்" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டு வைத்தேன். தொடவில்லை.

நாலு ஐம்பத்தைந்துக்கு எழுந்து நின்றார்.

"முக்கால் மணித்தியாலம் ஆச்சு" என்றார். அவர் எதற்காக எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. திரும்ப உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு ஒரு தடவை, ஐந்து இருபதுக்கு ஒரு தடவை, "இந்த ஒரு மணித்தியாலம் சரியான நீளம், தங்கச்சி" என்றார். நான் வேலை செய்வதாகப் பாவனை பண்ணிக்கொண்டு ஒரே பக்கத்தை அச்செடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்து ஆனது. ஃபோன் வரவில்லை. ஆறு மணி, கடை மூடும் நேரம். ஹாஜியார் சாவியை எடுத்தார், அவரைப் பார்த்தார், சாவியை மறுபடி மேசையில் வைத்துவிட்டு எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

ஆறு இருபதுக்கு அவருடைய மலிவு ஃபோன் அலறியது. அவர் அவசரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாரோ, மகனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அப்பா. அம்மா வந்திட்டா. என்ர கையில இருக்கிறா."

அவர் கொப்பியை எடுத்தார். நேரம் எழுதாமலே கொப்பியை மூடினார். தாயைப் பார்க்க முடியாமல் போன பிள்ளையிடம் கேட்க அவரிடம் எத்தனையோ இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கன நேரம் காத்துக்கொண்டு நிண்டனியோ, ராசா?"

அந்தப் பக்கம் விமான நிலையத்து இரைச்சல் கேட்டது. பிறகு அந்தப் பையன் சொன்னான்.

"இல்லை அப்பா. முக்கால் மணித்தியாலம்தான்."